மழை எச்சரிக்கைக்கு மூன்றரை நட்சத்திரம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணிப்புக்கு நாலு நட்சத்திரம். அந்தக் கணிப்பை வைத்து அதிகாரிகள் முடிவெடுத்து நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்கு மூன்று. சராசரி மூன்றரை. மிக்ஸிக்கும் பிரியாணிக் கடைக்கும் ஆளாளுக்கு நட்சத்திரம் போடுகிறோம். நம் வரிப்பணத்தில் ஓடுகிற, வருஷத்தில் பாதி நாள் நாம் பார்க்கிற வானிலை எச்சரிக்கைக்கு ஒருவரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் இது.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு வேலூர் மாவட்டம் காட்பாடியில். அணைக்கட்டு பக்கம் குடும்ப நிலம் இருக்கிறது, தம்பிதான் பார்க்கிறான். வேலையில் இருந்த காலத்தில் எச்சரிக்கையை மேலிருந்து வாங்கிக் கீழே அனுப்புகிற இடத்தில் இருந்தேன். இப்போது அதே எச்சரிக்கையை வயலில் நின்று வாங்கிக்கொள்கிற இடத்தில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மானாவாரி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. ஆடியில் விதைத்தால் ஐப்பசி வாக்கில் பிடுங்க வரும். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிப்பதும் சரியாக அப்போதுதான். மண் காய்ந்து இறுகிக் கிடந்தால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள் அறுந்து நின்றுவிடும். அதனால் பிடுங்குவதற்கு முன்னால் லேசாக ஒரு மழை வேண்டும். பிடுங்கிப் போட்ட பிறகு நாலைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். அந்த நாலைந்து நாளில் மழை பிடித்துக்கொண்டால் காய் கறுத்துப்போகும், சிலது முளையே விட்டுவிடும், வியாபாரி பாதி விலைக்குக் கேட்பார். ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். ஒரு நாள் தள்ளிப்போட்டால் வருகிறேன் என்றவர்கள் வேறு கொல்லைக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஐப்பசியில் தம்பி தினமும் போன் செய்வான். "இன்னாக்கா சொல்றாங்க? மழை வருமா வராதா?" அவ்வளவுதான் கேள்வி. வரும், வராது என்ற இரண்டைத் தவிர வேறு பதில் அவனுக்கு வேண்டாம்.

இந்தக் கேள்வியை நான் பணிக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன். மேலதிகாரிகள் இதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்பார்கள்.

இனி சரக்குக்கு வருகிறேன். என் போனில் இருப்பவை: 2019இல் வந்த மேக்தூத், 2020இல் வந்த மௌசம், இடி மின்னலுக்கு தாமினி, மாநில அரசின் டிஎன்-அலர்ட். இவை தவிர போனோடு கூடவே வந்த ஒன்று. மேக்தூத் விவசாயிகளுக்கானது. ஐந்து நாளுக்கு மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாம் காட்டும். செவ்வாயும் வெள்ளியும் மாவட்டத்துக்கான பயிர் ஆலோசனை வரும், தமிழிலும் படிக்கலாம். தாமினி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் அடிப்பதைச் சொல்லும். கொல்லையில் களை எடுக்கிற பெண்கள், ஆடு மேய்க்கிறவர்கள் போனில் இது ஒன்று மட்டும் இருந்தால்கூடப் போதும் என்பேன். அப்புறம், எந்தச் செயலியும் இல்லாதவர் போனிலும் திடீரென்று அலறுகிறதே, ஒரு செல் கோபுரத்துக்குக் கீழே இருக்கிற எல்லாப் போனுக்கும் ஒரே சமயத்தில் போகிற எச்சரிக்கை, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

போனோடு வந்த செயலியைப் பற்றி ஒரே வரி: வேலூரில் எந்த இடத்துக்கும் அது ஒரே மழையைத்தான் காட்டும். தம்பி நம்புவது அதைத்தான், ஏனென்றால் அதில் மேகப் படம் அழகாக இருக்கிறது.

வானிலைத் துறையின் கணிப்புக்கு ஏன் நாலு நட்சத்திரம்? அவர்கள் எதைச் சொன்னாலும் அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. மிகக் கனமழை என்றால் 115.6 முதல் 204.4 வரை. அதற்கு மேல் போனால் அதிகனமழை. 'ஓரிரு இடங்களில்' என்று டிவியில் வாசிக்கிறார்களே, அதற்கும் கணக்கு உண்டு. அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரைக்கும். 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரைக்கும். ஆக, மாவட்டத்துக்கு ஓரிரு இடங்களில் கனமழை என்று வந்தால், ஒடுகத்தூரில் கொட்டி விரிஞ்சிபுரத்தில் தூறல்கூட இல்லாமல் போனாலும் கணிப்பு சரிதான். தம்பியின் கொல்லை எந்தப் பக்கம் விழும் என்று அது சொல்லவில்லை, சொல்வதாகவும் சொல்லவில்லை.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு சங்கடமும் இருக்கிறது. மழை மேகத்தைக் கதிர் அனுப்பிக் கண்காணிக்கிற, சென்னைத் துறைமுகத்தில் உள்ள டாப்ளர் ரேடார் நமக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால், அங்கிருந்து கிளம்புகிற கதிர் வேலூர் மேல் வரும்போது தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே நடப்பது அதன் கண்ணில் படாது. சாயங்காலம் ஆந்திரப் பக்கத்திலிருந்தோ ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்தோ சட்டென்று திரண்டு வருகிற கோடை இடிமழையை மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சொல்வதே பெரிய விஷயம். 2025 மே மாதம் ஆறு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு கணிப்பு என்கிற புதிய முறை வந்திருக்கிறது, முன்பு அது பன்னிரண்டு கிலோமீட்டர். ஊராட்சி வாரியான கணிப்பு 2024 அக்டோபரிலேயே தொடங்கிவிட்டது. கட்டம் சின்னதாகச் சின்னதாக, 'எங்கள் ஊருக்கே சொல்லிவிட்டார்கள்' என்ற நம்பிக்கை பெரிதாகும். அந்த அளவுக்குக் கணிப்பின் உறுதியும் கூடுகிறதா என்பதைப் பொறுத்துத்தான் என் ஐந்தாவது நட்சத்திரம்.

துறையைக் குறை சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்து வண்டவாளத்தையும் சொல்ல வேண்டும். மழை அளவு என்று தினமும் பத்திரிகையில் வருகிறதே, அதில் பலவும் தாலுகா ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மழைமானியில் எடுப்பதுதான். காலை எட்டரை மணிக்கு ஒருவர் போய் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறிக்க வேண்டும். நான் பார்த்த ஓர் ஆபீசில், பெயர் வேண்டாம், மழைமானி வேப்பமரத்தடியில் இருந்தது. மரமோ சுவரோ எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. மரத்தடியில் வைத்தால் பாதி மழை இலையிலேயே தங்கிவிடும், மீதி மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமை அளவு திங்கட்கிழமை எழுதப்பட்டதும் உண்டு. 'பக்கத்து தாலுகாவில் எவ்வளவு?' என்று போனில் கேட்டு அதை ஒட்டி ஒரு எண்ணைப் போட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த எண்தான் சென்னைக்குப் போகும், வானிலைத் துறையின் புனே அலுவலகத்துக்குப் போகும், இருபது வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சியாளர் வேலூரின் மழை கூடுகிறதா குறைகிறதா என்று கோடு போட்டுப் பார்க்கும்போது அதில் ஒரு புள்ளியாக உட்கார்ந்திருக்கும். விஞ்ஞானியை நிர்வாகம் நம்புகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிர்வாகம் கொடுக்கிற எண்ணை விஞ்ஞானி நம்பலாமா என்று நான் கேட்கிறேன்.

சரி, மூன்று நட்சத்திரம் வாங்கிய பக்கத்துக்கு வருவோம்.

மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. இது விஞ்ஞானிகள் நிர்வாகத்துக்குச் சொல்கிற செய்தி. எங்கள் ஆபீசில் அது வந்து சேரும்போது வேறு உருவம் எடுத்திருக்கும். சிவப்பு என்றால் பள்ளிக்கு லீவு, ஆரஞ்சு என்றால் காலை ஐந்து மணிக்கு வானத்தைப் பார்த்து முடிவு, மஞ்சள் என்றால் ஒன்றுமில்லை. கலெக்டர் நிலைமையும் பாவம்தான். லீவு விட்டு வெயில் அடித்தால் ஊரே சிரிக்கும். லீவு விடாமல் எட்டு மணிக்குக் கொட்டினால் நனைந்த பிள்ளையின் போட்டோ ஒன்பது மணிக்கு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிடும். அறுபது சதவீத வாய்ப்பு என்று ஒருவர் சொன்னால், அதில் அறுபதை வைத்து அவர் என்ன செய்வார்? முழு லீவு விடலாம், விடாமல் இருக்கலாம். அறுபது சதவீத லீவு என்று ஒன்று கிடையாது.

2024 அக்டோபரில் சென்னையில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கும். 15ஆம் தேதி நன்றாகவே மழை. 16ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள். தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து ஆந்திரப் பக்கம் போய்விட்டது. 16ஆம் தேதி சென்னையில் எதிர்பார்த்த மழை இல்லை. மறுநாள் எல்லோரும் 'புலி வருது' கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் காரை ஏற்றியவர்கள் புத்திசாலிகள். ஒரு நாள் கார் இல்லாமல் இருந்தார்கள், வேறு நஷ்டம் இல்லை. மழை வந்திருந்தால் இன்ஜின் போயிருக்கும். ஆனால் அன்று எச்சரிக்கை ஏன் கொடுத்தோம், காற்றுத் தாழ்வு எங்கே திரும்பியது, எந்த நேரத்தில் அது தெரியவந்தது என்று கொடுத்தவர்களும் அதை வைத்து முடிவெடுத்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து மக்களுக்குச் சொன்ன மாதிரி ஒன்று நான் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம் நடந்தது நேர் எதிர். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர். தாமிரபரணிக் கரை முழுக்க வெள்ளம். அப்புறம் சண்டை. டிசம்பர் 12ஆம் தேதியே எச்சரித்துவிட்டோம் என்றது மத்திய அரசு. இவ்வளவு பெய்யும் என்று சொல்லவில்லையே என்றது மாநில அரசு. இதில் யார் பொய் சொன்னது என்று தேடினால் கிடைக்காது. மேலே சொன்ன அளவுப் பட்டியலை மறுபடி பாருங்கள். 204.4க்கு மேல் எல்லாமே அதிகனமழை. 210 மில்லிமீட்டரும் 946 மில்லிமீட்டரும் ஒரே பெட்டி, ஒரே சிவப்பு. சொன்னவருக்குச் சொன்ன திருப்தி, கேட்டவருக்கு இருபது சென்டிமீட்டருக்கான ஏற்பாடு. அந்தப் பெட்டிக்கு மேல்மூடி இல்லை என்பது இரண்டு தரப்புக்குமே முன்பே தெரியும். மழைக்கு முன்னால் அதைப் பேசி வைத்திருக்கலாம், மழை நின்ற பிறகு டெல்லியிலும் சென்னையிலும் மைக்கைப் பிடித்துப் பேசினார்கள்.

நம் மாவட்டத்துக் கதை ஒன்று சொல்கிறேன், சுருக்கமாக. 2021 நவம்பர் 19 விடியற்காலை. தாழ்வு மண்டலம் கரையைக் கடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. பாலாறும் கவுண்டின்யாவும் பொன்னையும் பெருகி ஓடின, எல்லோர் கண்ணும் ஆற்றுக்கரை மேலே. பேர்ணாம்பட்டில் சுவர் இடிந்து விழுந்து ஒன்பது பேர் போனார்கள், அதில் நாலு குழந்தைகள். மழையின் அளவைச் சொல்வது ஒரு வேலை, அந்த மழை எந்தச் சுவரை என்ன செய்யும் என்று சொல்வது இன்னொரு வேலை. இப்போது வானிலைத் துறை தன் எச்சரிக்கையோடு பாதிப்பையும் சேர்த்துத் தருகிறது: பலவீனமான கட்டடங்கள், தாழ்வான சாலைகள், நிற்கிற பயிர் என்று. ஆனால் எந்தத் தெருவில் எந்தச் சுவர் ஊறிப்போய் நிற்கிறது என்பது சென்னைக்குத் தெரியாது, வி.ஏ.ஓ.வுக்கும் தலையாரிக்கும்தான் தெரியும். அவர்களுக்கு இந்தப் பாதிப்புப் பட்டியல் மழைக்கு முன்னால் கையில் கிடைக்க வேண்டும். கிடைத்தால் என் மூன்று நட்சத்திரம் நாலாகும்.

ஒரு சின்ன இடைச்செருகல். ரமணன் காலத்தில் இந்தப் பிரச்சினை குறைவாக இருந்த மாதிரி எனக்கு ஒரு எண்ணம். சென்னை வானிலை மையத்தில் இருந்த எஸ்.ஆர். ரமணன், 2016இல் ஓய்வு பெற்றார். டிவியில் அவர் முகம் தெரிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குதிக்கும். அவர் சொல்லி மழை வராத நாளும் உண்டு, கேலி செய்தார்கள், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி அவரையே போட்டுப் பார்த்தார்கள். நேற்று சொன்ன மனிதரே இன்றும் வந்து நின்றார். இப்போது கணிப்பு எத்தனையோ மடங்கு மேம்பட்டுவிட்டது. ஆனால் செயலிக்கு முகம் இல்லை, நேற்று என்ன சொன்னது என்று கேட்க ஆள் இல்லை.

மழையைவிட வேலூருக்கு வெயில் முக்கியம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். சமவெளியில் வெப்ப அலை என்று அறிவிக்க, வெப்பநிலை 40 டிகிரியாவது தொட வேண்டும், கூடவே அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நேராக 45ஐத் தொட வேண்டும். நமக்கு மே மாதத்தில் இயல்பே உயரம். 42 டிகிரியில் குடியாத்தத்தில் தகரக் கூரைக்குக் கீழே தறி ஓட்டுகிறவருக்கும், வெயிலில் நின்று சாலை போடுகிறவருக்கும் அது கணக்குப்படி வெப்ப அலை இல்லை. விஞ்ஞானிகள் தரப்பில் இதற்கு நியாயம் உண்டு, பழகின உடம்பு வேறு, பழகாத உடம்பு வேறு. ஆனால் இந்த வரையறை அடுத்து எங்கே போய் நிற்கிறது பாருங்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய். நல்ல முடிவு, மனசாரச் சொல்கிறேன். அந்தப் பணம் வர, வெயிலால்தான் இறந்தார் என்று காகிதத்தில் வர வேண்டும். டாக்டர் மாரடைப்பு என்று எழுதியிருப்பார். அன்று வெப்ப அலை அறிவிப்பு இருந்ததா என்று ஃபைலில் ஒரு கேள்வி வரும். 42தான், இல்லை என்று பதில் எழுதப்படும். அந்த ஃபைலை எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எழுதுகிறவர் கல்நெஞ்சர் இல்லை, அவர் கையில் இருக்கிற வரையறை வேறொரு வேலைக்காகச் செய்யப்பட்டது. வானிலைத் துறை எச்சரிப்பதற்காக வைத்த கோட்டை நாங்கள் நிவாரணத்துக்கான கோடாக எடுத்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து 'வேலூருக்கு எந்தக் கோடு?' என்று பேசியிருந்தால் தீரக்கூடிய விஷயம்.

ஒரு மேசையில் உட்காருவது எப்படி என்பதற்கு உலக அளவில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஐபிசிசி என்கிற பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, 1988இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பக்கத்தில் விஞ்ஞானிகள் அறிக்கை எழுதுவார்கள். அதற்குக் கொள்கை வகுப்பவர்களுக்கென்று ஒரு சுருக்கம் உண்டு. அந்தச் சுருக்கத்தை நூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகளும் விஞ்ஞானிகளும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்து ஒப்புக்கொள்வார்கள். இரவு பகலாக நடக்கும். பெரிய அறிக்கையில் இல்லாததை அரசுகள் நுழைக்க முடியாது, அதை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் துறையில் எல்லைத் தகராறுக்குக் கூட்டுப் புலத்தணிக்கை போவது இதே மாதிரிதான். சர்வேயர் சங்கிலி பிடிப்பார், வி.ஏ.ஓ. நிற்பார், பக்கத்து நிலக்காரர்கள் நிற்பார்கள், கடைசியில் எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவார்கள். பிடிக்காத அளவாக இருந்தாலும் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. அப்படி ஒப்புக்கொண்டதால்தான், 2011 முதல் 2020 வரையிலான பத்து வருஷத்தில் பூமி 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியைவிட 1.1 டிகிரி சூடாகியிருக்கிறது என்பதை 2023 சுருக்கத்தில் எந்த அரசும் மறுக்க முடியவில்லை. ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் ஏழு சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். மல்லாட்டை பிடுங்குகிற வாரத்தில் கொட்டுகிற மழைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

அந்த ஐபிசிசியே ஒருமுறை நன்றாக வழுக்கி விழுந்தது, அதுவும் இந்தியாவை வைத்து. இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துபோகலாம் என்று 2007 அறிக்கையின் ஓர் அத்தியாயத்தில் ஒரு வரி. சுருக்கத்தில் அது கிடையாது, ஆகவே மண்டபத்தில் யாரும் வரிவரியாகப் படித்திருக்கவில்லை. 2009 நவம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், பனிப்பாறை ஆய்வாளர் வி.கே. ரெய்னாவின் ஆய்வை வெளியிட்டு, அந்த அளவுக்கு வேகமாக உருகவில்லை என்றார். குழுவின் தலைவராக இருந்த பச்சௌரி அதை மாந்திரீக விஞ்ஞானம் என்கிற ரீதியில் தூக்கி எறிந்து பேசினார். 2010 ஜனவரியில் ஐபிசிசி அந்த வரி தவறு என்று வருத்தம் தெரிவித்தது. பனிப்பாறைகள் உருகுவது உண்மை, வருஷம்தான் தவறு. ஆனால் ஒரு அமைச்சர் கேள்வி கேட்டபோது பக்கத்தைத் திறந்து பார்க்காமல் வாயை மூடச் சொன்னதில் போன மரியாதை, வருத்தம் தெரிவித்ததால் உடனே திரும்பி வரவில்லை. தவறு என்னைப் பொறுத்தவரை இரண்டாம்பட்சம்.

மாவட்டத்துக்கும் இப்போது பருவநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. 2022இலிருந்து, கலெக்டர் தலைமையில், மாவட்ட வன அலுவலர் பொறுப்பில். கூட்டம் நடக்கும், 2050இல் வேலூர் எப்படி இருக்கும் என்று படம் காட்டுவார்கள். காட்டுகிறவருக்கு 2050 பக்கத்தில் தெரிகிறது. பார்க்கிற அதிகாரிக்கு அடுத்த மாற்றல் உத்தரவு வரைதான் காலம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, வேலையின் அமைப்பே அப்படி. அதனால்தான் நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்கிறேன். அப்படிப்பட்ட ஆட்களும் இருந்தார்கள். வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலை அலகு என்று நாடு முழுக்க 199 இடங்களில் வைத்திருந்தார்கள். கணிப்பை வாங்கி, நம் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ற மாதிரி சொல்கிற வேலை. 2024 தொடக்கத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் மிஷன் மௌசம் என்று இரண்டாயிரம் கோடி ஒதுக்கினார்கள். ரேடாரும் கம்ப்யூட்டரும் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? 'இந்த வெள்ளிக்கிழமை பிடுங்காதே, செவ்வாய் வரை பொறு' என்று சொல்கிற ஆளையும் விட்டு வைத்திருக்கலாம்.

இந்தச் சேவையில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அது என் போனில் இருக்கிற எதிலும் கிடைக்கவில்லை. நாளைக்கு என்ன என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. நேற்று எவ்வளவு பெய்தது என்பதும் தேடினால் இருக்கிறது. நேற்றைக்கு முந்தாநாள் என்ன கணித்தீர்கள், நேற்று என்ன பெய்தது, அந்தக் கணிப்பை வைத்து மாவட்டம் என்ன முடிவெடுத்தது: இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு தாளில் இல்லை. துறைக்குள் தங்கள் கணிப்பைச் சரிபார்க்கிறார்கள், புயலுக்கெல்லாம் விரிவாக அறிக்கை வெளியிடுகிறார்கள். அது தம்பிக்கு வந்து சேர்வதில்லை, தாசில்தாருக்கும் வந்து சேர்வதில்லை. போன பருவத்தில் நானே ஒரு பழைய நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதிப் பார்த்தேன். எழுத எழுத ஒன்று புரிந்தது. மறுநாளைக்கான கணிப்பை நம்பி ஆளுக்குச் சொல்லலாம். நாலாவது, ஐந்தாவது நாளுக்கான கணிப்பை வைத்து தார்ப்பாய் வாடகைக்குச் சொல்லி வைக்கலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம். நோட்டைத் தம்பியிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் 'வருமா வராதா' என்று கேட்பதை விட்டுவிட்டு, "எத்தனை நாள் தள்ளிச் சொல்றாங்கக்கா?" என்று கேட்கிறான்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: தாமினியை இன்றே போட்டுக்கொள்ளுங்கள். விவசாயம் இருந்தால் மேக்தூத். அதில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம், 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது, ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டையில், வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூரில். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. நிறத்தை மட்டும் பார்க்காமல் கீழே உள்ள இரண்டு வரியையும் படியுங்கள்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தாலுகா ஆபீஸ் பலகையிலும் மழை அளவு எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில், அந்த நாளுக்கு முந்தின நாள் வந்த கணிப்பையும் எடுத்த முடிவையும் எழுத வேண்டும், கீழே எழுதியவர் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். செலவு: ஒரு சாக்பீஸ். மழைமானி மரத்தடியில் இருந்தால் நகர்த்தி வைக்கவும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.